ஆறு நிமிடம் ஊதாத விசில்

எங்கள் பள்ளத்தாக்கின் ரக்பி நடுவர் சங்கத்தில் ஏழாம் தரத்திலிருந்து ஆறாம் தரத்துக்கு ஏறுவதைவிட, வேல்ஸ் முழுக்க மழை நிற்கும் நாளைப் பார்த்துவிடலாம். ஒரு பருவத்தில் மூன்று முறை ஆள் வந்து நம் ஆட்டத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார். மூன்றில் ஒன்றாவது 'தகுதி' என்று வந்தால் ஏறலாம். நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் பெயரையே எடுக்க மாட்டார்கள். எனக்கு ஜூனில் நாற்பத்தைந்து.

அக்டோபரில் வந்தவர், "ஓயாமல் விசில் ஊதுகிறார், ஆட்டம் மூச்சு விட முடியவில்லை" என்று எழுதினார். ஜனவரியில் வந்தவர், "ஊத வேண்டிய இடத்தில்கூட ஊதுவதில்லை" என்று எழுதினார். அதே நடுவர், அதே விசில். இரண்டு பேரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டி, ஒரு முடிவுக்கு வந்த பிறகு கதவைத் தட்டுங்கள் என்று சொல்லலாம் போல இருந்தது.

மிச்சமிருந்தது மார்ச் மாத ஆட்டம் ஒன்றுதான். பார்க்க வருபவர் பக்கத்துப் பள்ளத்தாக்கின் ப்ராஸர். நேரில் பார்த்ததில்லை. முந்தின நாள் போனில் பேசினார்.

"நான் அங்க இல்லேன்னே நெனச்சுக்கிட்டு ஆட்டத்த நடத்துங்க, தம்பி."

"சரி சார்."

மறுநாள் காலையிலிருந்து அடைமழை. கிளப்புக்கு மேலே ஒரு மைதானம், கீழே ஒன்று. மேலே தண்ணீர் கட்டிக்கொண்டதால், முதல் அணி ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் கீழே இறக்கிவிட்டு, இரண்டாம் அணியை மேலே சேற்றுக்குத் தள்ளிவிட்டார்கள். கீழே நான் நடுவர். மேலே என் மச்சினன் கெரைன்ட். கறிக்கடைக்காரன். இளைக்கச் சொல்லி டாக்டர் மிரட்டியதால் இரண்டு வருடமாக விசிலைக் கையில் எடுத்திருக்கிறான். பத்தாம் தரம், அதற்குக் கீழே தரமே கிடையாது. இரண்டு பேருக்கும் வழுக்கை, இரண்டு பேருக்கும் தொப்பை, இரண்டு பேருக்கும் சங்கம் கொடுத்த ஒரே மஞ்சள் சட்டை.

ஆட்டம் தொடங்கும்போது ப்ராஸரின் நீலக் கார் இரண்டு மைதானத்துக்கும் நடுவிலிருந்த பாதையில் வந்து நின்றது. கண்ணாடியில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அன்று நடத்தியதுபோல் என் வாழ்நாளில் ஓர் ஆட்டத்தை நான் நடத்தியதில்லை.

முடிந்து குளித்துவிட்டு வந்தால், கிளப்பில் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ப்ராஸர்.

"எம்ரிஸ்தானே? உக்காருங்க. இருபது வருஷமா பாக்குறேன், இப்படி ஒரு பொறுமையப் பாத்ததில்ல!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார். அடியில் 'தகுதி'. அதற்கும் அடியில் கையெழுத்து.

"ரெண்டாம் பாதியில ஆறு நிமிஷம். ஒரு தடவகூட ஊதல நீங்க. கைய மட்டும் ஆட்டிக்கிட்டு ஓடுனீங்க, ஆட்டம் தானா பறந்துச்சு. அப்புறம் அந்தச் செவப்புத் தாடிக்காரனுக்குக் காட்டுனீங்களே மஞ்ச அட்ட, அபாரம்!"

நான் அன்று யாருக்கும் அட்டை காட்டவில்லை. என் ஆட்டத்தில் சிவப்புத் தாடியும் இல்லை. பக்கத்து மேசையில் கெரைன்ட் வாய் நிறைய இறைச்சி அப்பத்தை அடைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, செவப்புத் தாடிக்காரன் எவனுக்காவது அட்ட காட்டுனியா?"

"பின்ன? கறிக்கடப் பன்னின்னு சொல்றான் மச்சான், விடச் சொல்றீங்களா?"

"ஆறு நிமிஷம் ஏன் ஊதல?"

"எங்க ஊதுறது! விசில்ல சேறு அடச்சிருச்சு. தம் கட்டி ஊதுறேன், புஸ்ஸுன்னு காத்துதான் வருது. நிறுத்துங்கடான்னு கைய ஆட்டிக் கத்துறேன், ஒருத்தன் நிக்கணுமே!"

ப்ராஸரின் கரண்டி பாதி வழியில் நின்றது. மைதானம் மாறிய செய்தியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"பேரு உங்க பேருதான் போட்டிருக்கு, தம்பி. கையெழுத்தும் ஆச்சு. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே?"

மடித்துப் பைக்குள் வைத்தால் போதும். ஆறாம் தரம். ஜூனைப் பற்றிக் கவலையே இல்லை. கை காகிதத்தின் மேல் போனது. பொய் சொல்லுவானேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. காரைவிட்டு இறங்கி நான்கு எட்டு நடந்து பார்க்காத மனிதர், சேறு அடைத்த விசிலுக்குத் தகுதி எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறார்.

"அடிச்சிருங்க என் பேர. கெரைன்ட் பேர எழுதுங்க."

"தரம் ஏத்துற பட்டியல்லயே அவர் இல்லையே, செல்லாது."

"அப்பக் கிழிச்சுப் போடுங்க. என் ஆட்டத்த நீங்க பாக்கவே இல்ல, சார்."

நான்காகக் கிழித்தார். முதல் கிழிசலிலேயே தடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது.

திரும்பும்போது கெரைன்ட்தான் கார் ஓட்டினான்.

"மன்னிச்சிருங்க மச்சான்."

"நீ என்ன பண்ணுவ."

"அது கெடக்கட்டும், உங்க ஆட்டம் எப்படிப் போச்சு?"

அன்று முழுக்க யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"கடைசி நிமிஷம் மாப்ள. கோட்டு மேல பதினாறு பேரு குவிஞ்சு கெடக்கானுங்க. பந்தக் கோட்டுல வச்சாச்சு, ட்ரைன்னு ஊரே கத்துது. நான் சேத்துல குப்புறப் படுத்து, மூக்கு கோட்டுல ஒட்டப் பாத்தேன். பந்துக்கு அடியில ஒரு கை. தரையத் தொடல. ட்ரை இல்லன்னுட்டேன்."

"கேப்டன் சண்டைக்கு வந்திருப்பானே?"

"எழுந்தான். வாயத் தொடச்சான். 'ஆமா சார், வைக்கல'ன்னான்."

"தோத்தவனா?"

"தோத்தவன்தான். ஒரே ஒரு புள்ளியில."

கெரைன்ட் காரை ஓரங்கட்டி நிறுத்தினான். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க, மச்சான்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அணியும் தோள் முட்டிய முதல் ஸ்க்ரமிலிருந்து ஆரம்பித்தேன்.