ஒரு தடவைக்கு ஒன்று

சட்டைப் பையில் இல்லை. அப்பாவின் வேலைப் பையைக் கட்டில்மேல் கவிழ்த்துப் பார்த்தாள் மகள். டெஸ்டர், இரண்டு ஸ்பேனர், கிரீஸ் பிசுக்கேறிய துணி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், கண்ணாடிக் கூடு. வாசலிலிருந்து சித்தப்பா மறுபடியும் குரல் கொடுத்தார்.

"அடையாள அட்டை கிடைச்சுதாம்மா? சர்ட்டிஃபிகேட் எழுத டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு."

"பார்க்கிறேன் சித்தப்பா."

அவளும் டாக்டர்தான். குடும்ப மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டுப் பயிற்சி. ஆனால் சொந்த அப்பாவின் இறப்புச் சான்றிதழில் அவள் கையெழுத்துப் போட முடியாது. அட்டையைத் தேடிக் கொடுக்கிற வேலைதான் அவளுக்கு மிச்சமிருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே மேல ஏத்தி விடுறவன் நான். எனக்கு மட்டும் படிக்கட்டு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்துக்குத்தானே மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்? மெஷின் ரூமும் எப்போதும் உச்சியில்தான் இருந்து தொலைக்கும். இன்று காலை பத்தே காலுக்கு, பதினொரு மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒன்பதாவது மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அறுபத்தொரு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சிகரெட் பழக்கம்கூட இல்லை. கல்லு மாதிரி இருந்த மனுஷன் என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "மாடிக்கு மாடி உக்காந்து உக்காந்துதான் ஏறினாரு" என்று அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும்தான்.

கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். அட்டை அதற்குள் இருந்தது. அட்டையைச் சுற்றி ஒரு மஞ்சள் தாள் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த மஞ்சள் அவளுக்குத் தெரியும். எந்த மஞ்சள் என்று அச்சகத்துக்காரரோடு மல்லுக்கட்டித் தேர்ந்தெடுத்ததே அவள்தான். பிரித்தாள். மேலே அச்சடித்த வரியும் அவள் எழுதியதுதான்: 'இன்று எந்தப் பிரச்சினைக்காக வந்திருக்கிறீர்கள்? ஒன்று மட்டும் எழுதவும்.' 'ஒன்று மட்டும்' தடித்த எழுத்தில் இருந்தது.

அதற்குக் கீழே அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்து.

'1. வலது முட்டி வலி.
2. படி ஏறினால் தாடை வலி. உட்கார்ந்தால் போய்விடும்.'

இரண்டாவது வரி ஸ்கேல் வைத்த மாதிரி நேராக அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில், 'அடுத்த தடவை.' மேலே போட்டிருந்த தேதி பதினொரு நாளைக்கு முந்தியது.

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. கூடத்தில் யாரோ நாற்காலி இழுத்தார்கள், சமையலறையில் குழாயைத் திறந்தார்கள். மருந்தின் அளவைச் சரிபார்ப்பதுபோல அந்த இரண்டாவது வரியை மூன்று தடவை படித்தாள். கட்டிலில் ஸ்பேனர்மேல் உட்கார்ந்துவிட்டாள், அது குத்துவதும் உறைக்கவில்லை.

போன வருஷம்வரை அவள் பயிற்சி எடுக்கும் கிளினிக் சந்தைக்கடையாக இருந்தது. காலுக்கு வந்தவர் காதுக்குப் போவார், காதிலிருந்து தூக்கத்துக்கு, தூக்கத்திலிருந்து மருமகளுக்கு. அடுத்தவர் வெளியே பெஞ்சில் காய்வார். பயிற்சி டாக்டர் ஒவ்வொருவரும் கிளினிக்கில் ஏதாவது ஒன்றைச் சீராக்கிக் காட்ட வேண்டும் என்பது படிப்பின் விதி. அவள் ஆறு வாரம் வாசலில் நின்று நேரம் குறித்தாள். ஒருவர் சராசரியாக ஒரு மணி ஐம்பது நிமிஷம் காத்திருந்தார். மஞ்சள் தாள் வந்தது. ஒரு தடவைக்கு ஒரு பிரச்சினை, மற்றதற்கு இன்னொரு நாள். நாலே மாதத்தில் காத்திருப்பு முப்பத்தைந்து நிமிஷமாகக் குறைந்தது. அந்தச் சரிவைக் காட்டும் கோட்டுப்படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அடுத்த வாரம் டாக்டர்களின் பெரிய கூட்டம் ஒன்றில் அவள் அதைப் பற்றிப் பேசுவதாக இருந்தது.

அது மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. மாதா மாதம் அபூர்வ கேஸ்களைப் பற்றிப் பேசும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு தையல்காரப் பெண்மணியின் கேஸைச் சொன்னவளும் இவளே. தாடை வலி என்று இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த அந்தம்மாவுக்குப் பல்லில் கோளாறே இல்லை. இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. நெஞ்சு வலியே கிடையாது. 'தாடை வலி என்றால் எப்போது வலிக்கிறது என்று கேளுங்கள்' என்று முடித்தாள். கைதட்டினார்கள். மஞ்சள் தாளும் தையல்காரம்மாவும் அவளுடைய ஒரே ஃபைலில் அடுத்தடுத்த பக்கங்களில் கிடந்தார்கள், அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அட்டையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பெரிய டாக்டர் வந்துகொண்டிருந்தார். கிளினிக்கின் தலைமை மருத்துவர், அவளுக்குப் பாடம் சொல்லித்தருபவர். பின்னால் வரவேற்பு மேஜை அக்கா. இருவரும் கூடத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததிலிருந்தே அக்கா வாயைப் பொத்தியிருந்தாள்.

"இவரா... இவரு உங்க அப்பாவா? ஒரு வார்த்தை சொல்லலியேம்மா!"

"என்ன சொன்னாரு உங்ககிட்ட?"

"தாள்ல ரெண்டு எழுதிட்டாரு. ஐயா, ஒண்ணுதான்னேன். 'ஓ, ரூலா? தப்பு என்மேலதான், வேற தாள் கொடுங்க'ன்னு முதல் தாளை மடிச்சு வச்சுக்கிட்டாரு. ரெண்டாவது முக்கியமா ஐயான்னுகூட கேட்டேன்மா, சத்தியமா. 'அது உக்காந்தா போயிடுதுங்க, முட்டிதான் விடமாட்டேங்குது'ன்னாரு."

முதலாம் ஆண்டு டாக்டர் ஒருவர் முட்டியைப் பார்த்திருக்கிறார். தைலம், உடற்பயிற்சி, ஆறு நிமிஷம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முட்டியை நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்.

வீட்டு ஆட்களை நாங்கள் பார்க்கக் கூடாதுப்பா என்று எப்போதோ அவள் சொல்லியிருந்தாள். அதையும் அந்த மனுஷன் ரூல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பெரிய டாக்டர் மெதுவாகச் சொன்னார். "மனசைத் தளர விடாதேம்மா. மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாம வர்றது அபூர்வம். யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"நான் கண்டுபிடிச்சிருப்பேன் சார்."

தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். படித்து முடித்தும் தலை நிமிரவில்லை.

"நாளைக்கே இதை எடுத்துடுவோம்" என்றார் கடைசியில்.

"நாளைக்கா? இன்னைக்குக் கிளினிக் திறந்திருக்கா சார்?"

"திறந்துதான் இருக்கு."

"அப்போ இப்பவும் யாரோ ஒண்ணு எழுதிட்டு ஒண்ணை அடிச்சுக்கிட்டிருக்காங்க."

அவள் குரல் உயர்ந்துவிட்டது. வரவேற்பு மேஜை அக்கா சட்டென்று போனை எடுத்துச் சன்னல் பக்கம் போனாள். "ஏய், நான்தான். அந்த மஞ்சள் தாள் கட்டை எடுத்து உள்ள போடு. ஆமா, மொத்தத்தையும். லேட் ஆனா ஆகட்டும்... திட்டினா வாங்கிக்கோ. வந்தவங்க என்னென்ன சொல்றாங்களோ எல்லாத்தையும் எழுது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காந்திருக்கிறவங்களையும் திரும்பக் கேளு" என்றாள்.

அவர்கள் வெளியே போனபின் அம்மா அறைக்குள் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கட்டிலில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தாள், டெஸ்டருக்கு ஒரு பக்கம், ஸ்பேனருக்கு ஒரு பக்கம், அப்பா வைக்கிற மாதிரியே.

"அம்மா, அப்பா தாடை வலிக்குதுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. பல்லா இருக்கும்னு நினைச்சேன். ரெண்டையும் காட்டிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பினேன்."

"வந்து?"

"'ஒரு தடவைக்கு ஒண்ணுதானாம். நம்ம பொண்ணு போட்ட ரூலு, அதை நானே மீறினா நல்லாவா இருக்கும்?'னாரு." அம்மாவின் உதடு கோணியது. "அரை மணி நேரத்துல முடிஞ்சுது, என்னமா நடத்துறாங்க தெரியுமான்னு பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தாரு. உன்கிட்ட சொல்லாதேன்னாரு. அவ வீட்டுக்கு வந்தும் டூட்டி பார்க்கணுமான்னு."

சொல்லாமல் இருந்துவிடலாம். அம்மாவுக்கு அது ஒருநாளும் தெரியவராது. சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும், அதுதான் உண்மையும்கூட. இருந்தும் சொன்னாள்.

"அது பல்லு இல்லம்மா. இருதயம். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பார்த்திருக்கலாம்."

"யாரு பார்த்திருக்கலாம்?"

"நாங்க." பிறகு, "நான்" என்றாள். "அந்த ரூலாலதான்மா."

அம்மா கையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தது. அதைப் பையில் போடுவதா வேண்டாமா என்று தெரியாதவள்போல வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் திட்டுக்காகக் காத்திருந்தாள். ஓர் அறை விழுந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"சித்தப்பாகிட்ட இப்போ சொல்லாத" என்றாள் அம்மா. "அவன் தாங்கமாட்டான்." அவ்வளவுதான்.

அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்திருக்கப் பார்த்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தாள். ஏதோ சாதாரணமாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. மகள் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்னம்மா பண்ணுது?"

"எனக்கென்ன. இந்த நேரத்துல..."

"இல்ல, சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

அம்மா அவளைப் பார்த்தாள். கூடத்தில் சித்தப்பா யாரையோ ஓரமாக நகரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுந்தா கொஞ்சம் தலை சுத்தும். ரொம்ப நாளா இல்ல, ரெண்டு மாசமா."

"ம்."

"இந்தப் பக்கம் படுத்தா தோள் வலிக்கும். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன். கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி ஒண்ணு."

"எந்தக் கண்ணு?"

"இடது." அம்மா யோசித்தாள். "அப்புறம் சாப்பிட்டா இங்க அடைச்சுக்குது. எப்பவும் இல்ல. சொல்ற அளவுக்கு இல்ல."

சித்தப்பா கதவருகில் வந்து நின்றார். இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"வேற?" என்றாள் மகள்.

அம்மா வலது கையை நீட்டினாள். "இந்த மோதிர விரல் காலையில மடங்க மாட்டேங்குது."

மகள் அந்த விரலைத் தன் கையில் வாங்கி, மெல்ல மடக்கிப் பார்த்தாள்.