கார்பன் குறைவுதான்

கடைசி நிறமாலையும் அதையேதான் சொன்னது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். பக்கத்து அறையில் இப்போது பழைய கணினிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அவள் ஆராய்ந்துகொண்டிருந்தது, சீராக வீங்கிச் சுருங்கித் துடிக்கும் ஒரு விண்மீன். அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவது அவள் வேலை. முன்பு பக்கத்து அறையில் இருந்தவருக்கும் அதே வேலைதான். சதா கார்பனைப் பற்றியே பேசியதால் அவருக்குக் 'கரி சார்' என்று பெயர் விழுந்திருந்தது. அந்த விண்மீனில் கார்பன் குறைவு என்று அவர் எழுதினார். வீங்கும் நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது, அந்தக் கொந்தளிப்பில் கணக்கு தப்பும் என்று அவள் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். சொன்னதில் தவறில்லை; இன்றும் அதையேதான் சொல்வாள். அவர் மறுபேச்சில்லாமல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஓய்வுபெறும்வரை, எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

இப்போது துடிப்பின் எல்லாக் கட்டங்களிலும் பார்த்தாயிற்று. வீங்கினாலும் சுருங்கினாலும் கார்பன் அதே அளவு குறைவு.

அக்காவுக்கு போன் போட்டாள்.

"நல்ல விஷயம்தானேடி? டிவியில சொல்லுவாங்களா?"

"மாட்டாங்கக்கா."

"சரி, சாப்பிட்டியா?"

பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்திருந்தாள். அந்த விண்மீனில் கார்பன் எவ்வளவு என்று கவலைப்பட்ட ஆட்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கரி சார் வீட்டில் அவர் மருமகள்தான் கதவைத் திறந்தாள். "மாமாவுக்கு இப்பல்லாம் காது சரியா கேக்கறதில்ல. கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று பால்கனியைக் காட்டினாள்.

அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அவளைக் கண்டதும் வழக்கம்போல் தலையை ஆட்டினார்.

"சார், கார்பன் குறைவுதான்!"

"யாருக்கும்மா குறைஞ்சிருக்கு? டாக்டர் என்ன சொல்றார்?"

"நம்ம ஸ்டாருக்கு சார்! நீங்க சொன்னது சரி!"

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் எதிரே நின்றவளின் முகத்தையே பார்த்தார்.

"சுருங்கறப்போ எடுத்தீங்களா?"

"எல்லாக் கட்டத்துலயும் எடுத்தோம் சார்!"

கீழே ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஆக்ஸிஜன் பாத்தியா?"

"இன்னும் இல்ல சார்."

"பாக்கணுமே" என்றார். பக்கத்து நாற்காலியில் காய்ந்த துணிகள் குவிந்திருந்தன. அவள் உட்காரட்டும் என்று அத்தனையையும் அள்ளி எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல், துணிக் குவியலை மார்போடு அணைத்தபடி நின்றார்.