விரிவாக்கப்பட்ட எட்டு

தங்கையின் அடையாள அட்டையை வாங்கத்தான் அண்ணன் அந்த அலுவலகத்துக்குப் போனார். பஸ் டிப்போவில் அவர் டைம்கீப்பர். நூற்று நாற்பது பஸ்கள் எப்போது கிளம்பும், எப்போது திரும்பும், எது நடுவழியில் படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அதனால், நாலு சுவருக்குள் ஒரு கறுப்பு ரப்பர் பந்தை அடித்தடித்தே தங்கை ஸ்குவாஷ் தரவரிசையில் எட்டாவது இடத்துக்கு வந்தபோது, எந்தெந்தப் போட்டியில் அவள் ஆட வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கதவில் 'தொழில்முறை ஸ்குவாஷ் சுற்று: தலைமைச் செயலகம்' என்று பித்தளையில் எழுதியிருந்தது. தலைமைச் செயலகத்தில் மூன்று அறைகள். ஒன்றுக்குச் சாவி தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னொன்றில் சீசன் டைரக்டர். மிச்சமிருந்த ஒன்றில் பதிவு மேசை, பழைய கோப்பைகள், தண்ணீர்க் கேன், பதிவு மேசைக்காரம்மா ஆகிய எல்லாம் அடங்கியிருந்தன.

அந்த அம்மா பட்டியலைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எதுக்கு சார் இதுல பேர் குடுத்தீங்க?" என்றார்.

"எதுல?"

"பவளக் கோப்பையில."

"ஜெயிக்கத்தான் மேடம்."

"ஜெயிச்சா இறங்கிடுவாங்களே!"

அண்ணன் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு பழைய கவரைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தார்.

"உங்க தங்கச்சி பத்துப் போட்டி ஆடியிருக்காங்க. மொத்தம் ஐயாயிரத்து இருநூறு புள்ளி. பத்தால வகுத்தா ஐந்நூத்தி இருபது. எட்டாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் சீசன் கடைசியில மகுடப் போட்டி. சரியா?"

"சரி. அதுக்காகத்தான் மூணு வருஷமா அவ ராத்திரி பகல் பார்க்காம ஓடறா."

"பவளம் இருக்கறதுலயே சின்னது. ஜெயிச்சா முந்நூறு. மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூறு. இப்ப பதினோரு போட்டி. நீங்களே வகுத்துப் பாருங்க."

அண்ணன் வகுத்தார். ஐந்நூறு வந்தது. மறுபடி வகுத்தார். இரண்டாவது தடவையும் அதே ஐந்நூறுதான் வந்தது, ஒன்றுகூட ஏறவில்லை.

"ஒன்பதாவது இடத்துல இருக்கற பொண்ணுக்கு ஐந்நூத்தி எட்டு. அது இதுல பேரே குடுக்கல. வீட்ல கால் நீட்டி டிவி பார்த்துக்கிட்டே எட்டாவதா ஆயிடும்."

"சரி, தோத்தா?"

"இன்னும் கீழ."

"போகாமலே இருந்துட்டா?"

"பேரை வாபஸ் வாங்கற கெடு போன வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது. இப்ப போகலைன்னா புள்ளி பூஜ்யம். ஆனா ஒரு போட்டி ஆடினதாத்தான் கணக்கு."

அண்ணனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது. டிப்போவில் ஒரு பஸ் கூடுதலாக ஒரு நடை போனால் அது கூடுதலாக ஒரு நடை, அவ்வளவுதான். அதற்காக அந்த பஸ்ஸைப் பின்னால் கொண்டுபோய் யாரும் நிறுத்துவதில்லை. அந்த அம்மாவுக்கு எங்கோ பிசகு என்று முடிவு கட்டி, டைரக்டர் அறைக்குள் நுழைந்தார்.

டைரக்டர் எழுந்து நின்று விசிட்டிங் கார்டு கொடுத்தார். பதவிகள் அதிகமானதால் அது மூன்றாக மடித்திருந்தது. சுவர் முழுக்க ஒரு வருஷ அட்டவணை. அதில் அம்மை போட்டாற்போலக் கலர் கலராகக் குண்டூசிகள்.

"உட்காருங்க சார். எங்க சீசன் ஆகஸ்ட்ல பொறக்குது, ஜூன்ல முடியுது. வைரம் நாலு போட்டி, மாணிக்கம் ஆறு, முத்து பன்னெண்டு, பவளம் இருபது. மேலேர்ந்து கீழ. இது ஒரு பிரமிட்."

"பவளத்துல ஜெயிச்சா என் தங்கச்சி இறங்கிடுவாளாமே?"

"நீங்க பிரமிடைத் தலைகீழாப் பாக்கறீங்க."

"அப்ப இறங்க மாட்டாளா?"

"எங்க சுற்றோட தத்துவமே தொடர்ச்சியான மேன்மை. வருஷம் திரும்பினா பழைய புள்ளி உதிரும், புதுப் புள்ளி துளிர்க்கும். மரம் மாதிரி."

"பிரமிட்னீங்க?"

"மரமும்தான்."

"சார், ஒரே ஒரு கேள்வி. ஜெயிச்சா ஏறணுமா, இறங்கணுமா?"

டைரக்டர் ஜன்னல் வழியாக வெகுநேரம் வெளியே பார்த்தார். எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. "அது நாம நிக்கற கோணத்தைப் பொறுத்தது" என்றார்.

மரமோ பிரமிடோ, ஏதோ ஒன்று அண்ணனின் தலைக்குள் சுற்ற, படியிறங்கினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுற்றின் பிசியோ வழிமறித்தார்.

"என்னண்ணே, கணுக்காலா முழங்காலா?"

"யாருக்கு?"

"உங்க தங்கச்சிக்குத்தான். டாக்டர் சர்ட்டிபிகேட் வச்சு விலகினா அந்தப் போட்டி கணக்குலயே வராது. எட்டு எட்டாவே இருக்கும். பவளத்துல ஏற்கெனவே ஆறு பேர் விலகியாச்சு. அஞ்சு வலது கணுக்கால். ஆறாவதுக்கு டாக்டரே கூச்சப்பட்டு இடதுன்னு எழுதினாரு."

"அத்தனை பேருக்கும் நெஜமாவே அடியா?"

பிசியோ அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பஸ் டிப்போல லீவே எடுக்க மாட்டீங்களாண்ணே?"

தங்கை பயிற்சிக் கோர்ட்டில் தனியாக அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கண்ணாடிக் கதவைத் தட்டி உள்ளே போய், கவரைக் காட்டி, வகுத்தலைச் சொல்லி, பிரமிடைச் சொல்லி, கணுக்காலில் வந்து முடித்தார். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"இதுல பேர் குடுத்தது யாரு?"

"நான்தான். ஒண்ணு கூட ஆடினா ஒரு படி கூட ஏறும்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?"

"சஸ்பென்ஸா இருக்கட்டும்னு..."

"நல்ல சஸ்பென்ஸ்ண்ணா! மூணு வருஷத்தை முந்நூறு புள்ளிக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறே."

அண்ணன் தரையைப் பார்த்தார். மகுடப் போட்டியில் ஒரு தடவை ஆடிவிட்டால்தான் அடுத்த சீசனில் பெரிய போட்டிகளுக்குத் தகுதிச் சுற்று இல்லாமல் நேராக நுழையலாம். இல்லையென்றால் பழையபடி விடிகாலையில் காலி அரங்கத்தில், பெருக்குகிறவர் மட்டும் பார்க்க, ஆட வேண்டும். அவருக்கும் அது தெரியும்.

"பிசியோ சொன்ன மாதிரி ஒரு சர்ட்டிபிகேட்..."

"என் கால் நல்லாத்தானே இருக்கு?"

"அதுதான் இப்ப பிரச்சனையே."

"இல்லாத வலியை எல்லாம் என்னால நடிக்க முடியாதுண்ணா. பாதிப் படி ஏறும்போது எந்தக் கால்னு மறந்து போயிடும். ஆடிட்டு வந்துடறேன் போ."

ஆறு பேர் விலகிய இடங்களுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் சுற்றில் தங்கைக்கு எதிரே ஒரு பல் டாக்டர் வந்தார். கிளினிக்கில் ஆள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி ஒன்பது நிமிஷத்தில் தோற்றுவிட்டுப் போனார். அடுத்தது கிளப்பின் நீச்சல்குளக் கண்காணிப்பாளர். கழுத்தில் விசிலோடு ஆடினார். அரையிறுதியில் ஒரு உடற்பயிற்சி ஆசிரியை. இறுதியில் மட்டும், தரவரிசையில் அறுபதாவதாக இருந்த, கணக்கு வழக்கு எதுவும் தெரியாத, இங்கே இருப்பதே பெரும் பேறு என்று துள்ளிய ஒரு பெண்.

மாடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு எதை வேண்டிக்கொள்வது என்றே பிடிபடவில்லை. ஜெயித்தால் ஒன்பது, தோற்றால் பன்னிரண்டு. அதனால் ஜெயிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றவர்கள் தட்டி முடித்த பிறகு அவருடைய கை மட்டும் தயங்கித் தயங்கித் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர், "எதிர்க்கட்சியா?" என்று விசாரித்தார்.

தங்கை மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தாள்.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார். "இந்த மகத்தான வெற்றி இந்த வீராங்கனையை மேலும் ஓர் உயரத்துக்குக் கொண்டுசெல்கிறது!" என்று அவர் கையை உயர்த்திய அதே நொடியில், பின்னால் இருந்த திரையில் தரவரிசை தானாகப் புதுப்பித்துக்கொண்டது. தங்கையின் பேர் எட்டிலிருந்து வழுக்கி ஒன்பதில் போய் நின்றது. கூட்டம் பேச்சுக்குத் தட்டியதா, வழுக்கலுக்குத் தட்டியதா என்பது கூட்டத்துக்கே தெரியாது.

"இதைப் பிடி" என்று தங்கை கோப்பையை அண்ணன் கையில் திணித்தாள். பிறகு துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து பதிவு மேசைக்காரம்மா போன் செய்து, உடனே வரச் சொன்னார். அண்ணன் போனபோது டைரக்டரின் மேசையில் மூன்று சர்ட்டிபிகேட்டுகள் வரிசையாகக் கிடந்தன. டைரக்டர் டையைக் கழற்றியிருந்தார்.

"விலகின ஆறு பேர்ல மூணு பேர் முதல் எட்டுல இருக்கறவங்க" என்றார் அந்த அம்மா. "மூணுலயும் ஆறு வாரம் முழு ஓய்வுன்னு எழுதியிருக்கு. மகுடம் இன்னும் மூணு வாரத்துல. ஓய்வுல இருக்கறவங்க ஆடக்கூடாது. அது விதி."

"கால் சரியாயிடுச்சுன்னு மூணு பேரும் நேத்தே சொல்லிட்டாங்கம்மா" என்றார் டைரக்டர்.

"ஒரே வாரத்துலயா? அப்ப முதல் சர்ட்டிபிகேட் பொய். பொய் சர்ட்டிபிகேட்டுக்கு ஆறு மாசம் தடை. அதுவும் விதிதான். நீங்க எழுதினது."

"நானா?"

"முப்பத்திரண்டாம் பக்கம்."

டைரக்டர் நெற்றியைப் பிடித்தார். "மூணு பேர் மூஞ்சியும் போஸ்டர்ல இருக்கே! ஊர் பூரா ஒட்டியாச்சே!"

"விதிப்படி ஒன்பது, பத்து, பதினொண்ணு உள்ள வரணும்" என்றார் அந்த அம்மா, விடாமல்.

டைரக்டர் எழுந்து அட்டவணையின் முன் நின்றார். ஒரு குண்டூசியைப் பிடுங்கினார். அதே இடத்தில் குத்தினார். திரும்பியபோது முகத்தில் பழைய ஒளி வந்திருந்தது.

"எட்டுங்கறது ஒரு எண்ணிக்கை இல்ல. அது ஒரு தரம். விதியையும் மீற வேண்டாம், போஸ்டரையும் மீற வேண்டாம். இந்த வருஷம் விரிவாக்கப்பட்ட எட்டு. பதினோரு பேர்!"

பதிவு அறையில் தண்ணீர்க் கேன் மட்டும் ஒரு குமிழ் விட்டது.

"பதினோரு பேரை வச்சு எப்படி சார் கால் இறுதி?" என்றார் அந்த அம்மா.

டைரக்டர் மறுபடி தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனார். அண்ணன் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். பிரமிட் அவருக்குப் புரியவில்லை, மரமும் புரியவில்லை. ஆனால் எட்டுத் தடத்தில் பதினோரு பஸ் வந்து நின்றால் என்ன செய்வது என்பது தினப்படி வேலை.

"அஞ்சு பேர் நேராக் கால் இறுதி. கணுக்கால் போன மூணு பேரும், புதுசா வந்த மூணு பேரும் முதல் நாள் மோதட்டும். மூணு பேர் மிஞ்சுவாங்க. அஞ்சும் மூணும் எட்டு."

"இதைத்தான் நான் பிரமிட்னு சொன்னேன்" என்றார் டைரக்டர்.

அண்ணன் படியில் நின்று தங்கைக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது.

"இரு, இரு. அப்ப நீ பேரே குடுக்காம, நான் சும்மா வீட்ல இருந்திருந்தாலும் உள்ள வந்திருப்பேனா?"

"வந்திருப்பே."

"தோத்திருந்தா?"

"பன்னெண்டு. வந்திருக்க மாட்டே."

"அப்ப நான் ஜெயிச்சதாலதான் உள்ள வந்தேனா, இல்ல ஜெயிச்சும் உள்ள வந்தேனா?"

அண்ணன் யோசித்தார். கைப்பிடிச் சுவரில் விரலால் வகுத்துக்கூடப் பார்த்தார். "தெரியலம்மா" என்றார். "கேட்டா கோணத்தைப் பொறுத்ததுன்னு சொல்லுவாங்க."

"சரி, முதல் நாள் எனக்கு யாரு?"

"மூணாவது இடத்துக்காரி."

அந்தப் பெண்ணிடம் தங்கை இதுவரை நாலு தடவை தோற்றிருக்கிறாள்.

"போனை வைண்ணா" என்றாள் தங்கை. "கோர்ட்டு நாலு மணி வரைக்கும்தான் நமக்கு."