தட்டுக்குள் போன பேச்சு

தட்டுக்காரனின் மனைவி பேசியதெல்லாம் இசைத்தட்டுகளுக்குள் போய்விட்டது என்பது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரியவந்தது. அவனிடமிருந்த பழைய ராக் அண்ட் ரோல் தட்டுகளில் ஒன்று, பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள சின்னத் தட்டு, கிடாரோடு தொடங்குவதற்குப் பதிலாக, "குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டது. உடனே அவனுடைய குரலே "ம்" என்றது. முள்ளை மறுபடி முதலிலிருந்து வைத்தபோது கேள்வியும் இல்லை, பாட்டும் இல்லை, வெறும் கரகரப்பு. பேச்சு ஒரு தடவைதான் வெளியே வரும் போலிருந்தது. நல்ல தட்டு பாழாய்ப் போச்சே என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அவன் அப்படிப்பட்ட ஆள்தான்.

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பது அவன் தொழில். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டுக் கலைந்துபோன குழுக்களாகத் தேடித் தேடி வாங்குவான். யாருக்கும் தெரியாத பாட்டு என்றால் பசி தூக்கம் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவான். வாங்கி வந்ததை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிச் சமையலறைத் தாங்கியில் நிறுத்திக் காயவைப்பான். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் தரையில் கிடக்கும். மிக அரிய தட்டென்றால் வந்த அன்றைக்கு ஒரு தடவை கேட்டுவிட்டு உறையில் போட்டு மூடிவிடுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டு நடுவில் இருக்கும்போது முள்ளைத் தூக்கவே மாட்டான், கீறல் விழுந்துவிடும் என்று. அடுப்பில் துணி பற்றிக்கொண்ட அன்றுகூடப் பாட்டு முடிந்த பிறகுதான் எழுந்து வந்தான். மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவள். மூன்றாவது நடைமேடை என்று அவள் சொன்னால் மூட்டை முடிச்சோடு ஊரே மூன்றாவது நடைமேடைக்கு ஓடும். வீட்டில் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் என்ன சொன்னாலும் "ம்" என்ற ஒற்றை எழுத்துதான் பதில்.

அந்த "ம்"களால்தான் வீடு அவனுக்குப் பிடிபடாமல் போயிருந்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்தால் சுவர் பச்சையாக இருக்கும். இன்னொரு நாள் மைத்துனனின் பீரோ கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். யார் சொன்னது என்று கேட்டால், "நீங்கதானே ம்னு சொன்னீங்க" என்பாள். அந்த வாரம் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். துறைமுக ஊரில் படகுகளுக்கு அறிவிக்கும் வேலை கிடைத்திருந்தது, சனிக்கிழமை கிளம்புகிறாள்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான்.

"அதையும் அன்னிக்கே பேசி முடிச்சாச்சு."

"என்னன்னு பேசினோம்?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். "ஞாபகம் வரலங்க. சொன்னதெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. ஏதோ கேட்டேன், நீங்க ம்னீங்க. அது மட்டும் நல்லாத் தெரியுது."

ஒரேயடியாகப் போகிறாளா, போய்விட்டு வருவாளா என்பது இருவருக்குமே தெரியவில்லை. அந்தப் பேச்சு எங்கே போயிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கைவசமிருந்த தட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கத் தொடங்கினான். ஒன்றில் அவளுக்குப் பல்வலி. ஒன்றில் அவள் மேலதிகாரியைப்போலப் பேசிக்காட்டித் தானே சிரித்துக்கொண்டாள், நன்றாகவே இருந்தது. இன்னொன்றில், தன் அப்பா இறந்த செய்தி வந்திருப்பதைச் சொன்னாள். அதற்கும் அவன் "ம்" என்றிருந்தான். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. எப்படிப்பட்ட மனுஷனோடு இவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்று அவனுக்கே விளங்கவில்லை. கேட்கக் கேட்கத் தட்டுகள் ஊமையாகிக்கொண்டே வந்தன.

சனிக்கிழமை வாடகைக்கார் வாசலில் ஹாரன் அடிக்கும் நேரத்தில் அவன் கையில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான், இருப்பதிலேயே அரியது, வந்த நாளுக்குப் பிறகு உறையை விட்டு வெளியே வராதது. அதையும் போட்டான். அவள் குரல் நிதானமாக வந்தது. "எனக்கு அந்த வேலைக்குப் போயே ஆகணும்னு இல்ல. நான் கிளம்பற அன்னிக்கு ஒரே ஒரு தடவை 'போகாதே'ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொன்னா இருந்துடுவேன். சொல்லுவீங்களா?" தட்டிலிருந்த அவன் "ம்" என்றான். நிஜமானவன் துள்ளி எழுந்தான். பெட்டியும் கையுமாக வாசற்படியில் நின்றவளைப் பார்த்துச் சொன்னான். முள்ளை மட்டும் எடுக்கவில்லை. தட்டு பாதிதான் ஓடியிருந்தது. அவன் கை அதற்குப் பழகவில்லை. சொன்ன சொல் நேரே தட்டுக்குள் போனது. அவன் உதடு அசைந்ததுதான் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். அவன் பின்னாலேயே ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஆனால் அவள் தட்டில் கேட்டதும் தான் சொல்ல வந்ததும் அதற்குள் அவனை விட்டுப் போயிருந்தன. கார் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு திண்டாடினான். அதில் தன்னுடைய ஏதோ ஒன்று இருக்கிறது, தனியாகக் கேட்டால் வீணாய்ப் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் பாட்டுப் பெட்டியையும் தட்டையும் கட்டி எடுத்துக்கொண்டு துறைமுக ஊருக்குப் போனான். மாடியில் ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் படகுகள். அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. நீ கேட்டதும் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடறேன்" என்று சொல்லித் தட்டைப் போட்டான்.

"போகாதே" என்றது தட்டு.

அவள் சிரித்துவிட்டாள். "யாரைச் சொல்றீங்க? நான் எங்க போறேன், இங்கதானே இருக்கேன்?"

அவன் பையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனான், அதற்கு மேல் கால் எழவில்லை. மறுபடி முயன்று பார்த்தான். "அப்ப உட்காருங்க" என்றாள் அவள். உட்கார்ந்தான். பஸ் போயிற்று, மறுநாள் பஸ்ஸும் போயிற்று. தேய்க்க வேண்டிய வில்லைகள் இப்போது மாடிக்கே வருகின்றன. பேச்சுத் துணைக்கென்று எட்டிப்பார்க்கும் பக்கத்து வீட்டம்மாளும் அந்த அறையிலிருந்து எழுந்து போக முடியாமல் பொழுது சாயும்வரை தவிக்கிறாள். மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர் விவரம் தெரிந்தவர். வாசலுக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டி மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார்.