ஊற்றுக்கு மேலே எருக்குழி

“ஊத்துக்கு மேல டயப்பரைக் கொட்டிப்போட்டு என்னையவே கத்தாதேங்கறீங்களாக்கா? எம்பட புள்ள ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுக் கெடக்குது!”

“மெதுவாப் பேசு சங்கீதா. ரூம்ல ஆளுங்க இருக்காங்க.”

கலைமணியின் கவலை அது. நான் உலையை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் குடியிருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு.

தேவனூர் நாட்டில் எங்கள் மலையூர் படிப்படியாக இறங்கும். மேலே பூபதியும் கலைமணியும். பட்டணத்துக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு ரூம் அவர்களுடையது. அதன் கீழே அவர்களுடைய எருக்குழி; ரூமுக்கு வருகிறவர்களின் டயப்பரும் அதில்தான் விழும். அதற்கும் கீழே ஊற்று. பஞ்சாயத்து பைப் என் வாசலோடு நின்றுவிட்டதால் கீழ்வீட்டுச் சங்கீதாவுக்கு அந்த ஊற்றுதான் குடிதண்ணீர். முந்தின நாள் மழையில் குழி நிரம்பி வழிந்து, ஊற்றில் மிதந்த டயப்பரை அவள் குச்சியில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“மத்த குப்பையெல்லாம் எரிக்கறீங்கல்ல? இதையும் எரிக்க வேண்டியதுதான?”

கலைமணி நெஞ்சில் கை வைத்தாள். “ஐயோ சாமி! பச்சப்புள்ள பீயை எரிச்சா அந்தப் புள்ளைக்கு அடி வெந்து போயிருமே! அந்தப் பாவம் நமக்கெதுக்கு?”

எங்கள் ஊரில் அதை யாரும் எரிக்கமாட்டார்கள், உண்மைதான். ஆனால் முகம் தெரியாத சென்னைக் குழந்தைக்காக உருகியவளுக்கு, வயிற்றுப்போக்கில் கழுவிக் கழுவியே அடி வெந்துபோன சங்கீதாவின் மூன்று வயது மகள் யாழினி கண்ணில் படவில்லை.

“எம்பட புள்ள பச்சப்புள்ள இல்லையாக்கா?”

பூபதி பல் குத்திக்கொண்டே வெளியே வந்தான். “தண்ணியக் காய்ச்சிக் குடிங்க கண்ணு.”

“குழியை அந்தப் பக்கம் மாத்துங்க மாமா.”

“சீசன் முடியட்டும், பாக்கலாம்.”

“அதுவரைக்கும் புள்ள தாங்கோணுமே மாமா!”

சத்தம் கேட்டுக் கூடி நின்றவர்களில் பாதிப் பேர் அந்த ரூம்களுக்குக் கோழி விற்கிறவர்கள், வாயே திறக்கவில்லை. நான் திறந்தேன். “ஏனுங்க பூபதி, அந்த ஊத்துத் தண்ணிய ஒரு சொம்பு குடிச்சுக் காட்டுங்களேன்” என்றேன். அன்றிலிருந்து கலைமணி எனக்கு மோர் தருவதில்லை.

யாழினிக்கு உடம்பு தேறியது. சங்கீதா அவளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அடிவாரத்துக் காரவள்ளிக்கு, தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவள் புருஷன் வேல்முருகனும் மிளகுக்கொடிகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பாத்திரம் பண்டங்களோடு பஸ் ஏறினான். காலியான வீட்டைப் பூபதி வாங்கி மூன்றாவது ரூம் ஆக்கிவிட்டான். அங்கே தங்க வருகிறவர்களுக்குச் சேந்தமங்கலத்திலிருந்து கேன் தண்ணீர் வருகிறது.