ஏழாவது இயக்குநர்

எங்கள் தீப்பெட்டிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இயக்குநர்கள் ஏழு பேர். ஆறு பேர் ஆமத்தூர்ப் பக்கத்து நிலக்காரர்கள். ஏழாவது ஆள் தொழிலாளியாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் குமாஸ்தா. கூட்டத்தில் நடந்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. அதைக் கூட்டத்துக்கு முந்தின நாளே எழுதி முடித்துவிடுவேன். அப்படியொரு திறமைசாலி நான்.

1959 தேர்தலில் தொழிலாளிகள் நாகையாவைத் தேர்ந்தெடுத்தார்கள். குச்சி முனையை மருந்தில் முக்குகிறவன், யாருக்கும் பயப்படாதவன். ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அவனை அனுப்பினார்கள். பெட்டிகளில் குச்சி அடைக்கிற கொட்டகையில் நாற்பது பெண்கள், வாசல் ஒன்று. குச்சி உரசித் தீப்பிடித்தால் பின்வரிசைக்காரிகளுக்கு வழி கிடையாது. அந்த வரிசையில்தான் அவன் பெண்டாட்டி குருவம்மாளும் இருந்தாள். பின்சுவரில் இன்னொரு வாசல் கேட்டு வாங்கிவிடு என்று சொல்லியிருந்தார்கள்.

கூட்டத்தன்று தலைவர் பெத்தணன் எழுந்து நின்று, "வாங்க நாகையா, இங்கன உக்காருங்க" என்று தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நாகையாவின் அப்பா அவர் வயலில் கூலி. பிறந்ததிலிருந்து அவர் வாயில் அவன் 'ஏலே'தான். எல்லாருக்கும் வந்த அதே டம்ளரில் அவனுக்கும் காப்பி வந்தது.

தற்போதுள்ள ஒரு வாசலே போதுமென ஏகமனதாக முடிவு செய்யப்பட்டதென்று நான் வாசித்தேன். அவன் காதில் நன்றாகவே விழுந்தது. பேச வாயெடுத்தான். பெத்தணன் பேனாவைத் திறந்து மரியாதையாக நீட்டினார். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என்மேல் வந்திருக்க வேண்டியது, அவன்மேல் வந்தது.

பெண்கள் கைநாட்டு வைத்து மனுப் போட்டார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். பெத்தணன் புத்தகத்தை விரித்துக் காட்டினார். உங்கள் ஆளே ஒத்துக்கொண்டிருக்கிறாரே என்று பெண்களிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

குருவம்மாள் என்னிடம் வந்து, எழுதினதை மாற்ற முடியாதா என்று கேட்டாள். ஏழில் நாலு கை தூக்கினால் முடியும் என்றேன்.

"அவுக தூக்க மாட்டாக. அப்ப எங்க ஆளு எதுக்கு உள்ள இருக்காரு?"

இதற்காவது உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

"நீங்களும் ஒத்துக்கிட்டீகன்னு எழுதுறதுக்கு."

சங்கு ஊதிவிட்டது, தாமதித்தால் அரைநாள் கூலி போகும். அவள் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து குச்சி அடைக்க ஆரம்பித்தாள்.