சைரன் கேட்டால் மேற்கே

வந்திருந்தவர்கள்: கலெக்டர் ஆபீசிலிருந்து சத்யப்ரியா மேடம், அவர்களுடைய டிரைவர், வீடு கட்டப்போகிற கம்பெனியின் இன்ஜினீயர் அரவிந்தன், ஊர்த் தலைவர் தட்சணாமூர்த்தி, மரக்காணத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கிற பஷீர் அஹமது, ஊர்ச்சனம் எழுபத்தொரு பேர், அப்புறம் ரேணுகா... ரேணுகாவை எழுபத்தொன்றில் சேர்த்தோமா இல்லையா என்று அசோகனுக்குக் குழம்பியது, சேர்த்திருந்தால் தனியாக எழுதக் கூடாது, தனியாக எழுதினால் ஏன் தனியாக எழுதினாய் என்று மேடம் கேட்பார்களோ, கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு என்ன தெரியும். புயல் பாதுகாப்பு மையத்தின் காவலாளி என்றால் நாற்காலி போடுவதும் தண்ணீர் கேன் தூக்குவதும் பெயர் எழுதுவதும் அவன் வேலைதான், கம்பெனி வீடு கட்டுவது பற்றி ஊரிடம் கருத்துக் கேட்கிற கூட்டமும் இந்த மையத்திலேயே நடக்கிறது, வேறு எங்கே நடத்துவது, ஊரில் இத்தனை பேர் உட்காருகிற மாதிரி வேறு கூரை கிடையாது. ஊர்ச்சனம் மேற்குப் பக்கத்துக் கதவை ஒட்டியே நெருக்கி உட்கார்ந்திருந்தது, கிழக்குப் பக்கம் காற்று நன்றாக வருகிறது, ஃபேன்கூட அங்கேதான் ஓடுகிறது, இரண்டு வரிசை நாற்காலி காலியாகவே கிடந்தது. யாரும் சொல்லி அப்படி உட்காரவில்லை. சுனாமி வந்துபோன இந்த இருபது வருஷமாக ஊரில் கல்யாண வீட்டில்கூட அப்படித்தான் உட்காருவார்கள், கடலுக்கு முதுகைக் காட்டி, ஓட வசதியாக.

அரவிந்தன் சுவரில் மேப் ஒட்டியிருந்தான். நல்ல பையன், வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் வைத்தான், பெரியவர்களை அய்யா என்றான். மேப்பில் கடல் நீலம், கடலை ஒட்டி ஊர் மஞ்சள், ஊருக்கு மேற்கே சவுக்குத் தோப்பு பச்சை, தோப்பைத் தாண்டி இந்த மையம், மையத்துக்குப் பின்னால் உப்பளம் வெள்ளை, உப்பளத்து நடுவில் ஒற்றை ரோடு ஒரு கோடு. அந்தக் கோடு மேப்பில் பார்க்க அகலமாக இருந்தது. நிஜத்தில் உப்பு லாரி வந்தால் சைக்கிள்காரன் பாத்திக்குள் இறங்கி நிற்க வேண்டும். தோப்புக்கும் உப்பளத்துக்கும் நடுவில், மையத்தைச் சுற்றி மூன்று பக்கமும், கம்பெனியின் இடம், அதில் சின்னச் சின்னச் சதுரமாக முந்நூற்று நாற்பது வீடு, சுற்றிலும் மதில் சுவர். சனி ஞாயிறுக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்களின் வீடு. வீட்டுக்கு ஒரு கார் என்றாலும் முந்நூற்று நாற்பது கார், அதே கோட்டில். ஊர்க்காரன் வெளியேற கம்பெனி கேட் வழியாக ஒரு பாதை விடுவார்களாம், ஆபத்து என்றால் கேட் தானாகத் திறந்துகொள்ளுமாம். மஞ்சளிலிருந்து பச்சைக்குள் புகுந்து மேற்கே போகிற மாதிரி ஒரு பெரிய அம்புக்குறி போட்டிருந்தான். அம்புக்குறி தோப்புக்குள் நுழைகிற இடத்தை அசோகன் பார்க்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை, பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோலக் கண் அங்கேயே போனது... அந்த இடத்தில் இப்போதும் மரம் கறுப்பாகத்தான் நிற்கிறது, மேப்பில் பச்சையாக இருக்கிறது.

போன வருஷம் கத்திரி வெயில், மத்தியானம் இரண்டு மணி இருக்கும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போனவன் தோப்பின் தெற்கு மூலையில் புகையைப் பார்த்தான். சவுக்குச் சருகு முழங்கால் உயரம் கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று ஊரைப் பார்த்து. ஊரில் ஆண்கள் பாதிப் பேர் விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்து அசந்து தூங்குகிற நேரம். தலைவருக்கு போன் போட்டான், சுவிட்ச் ஆஃப். தீயணைப்புக்குப் போட்டான், லைன் கிடைத்தது, ரோட்டைக் கேட்டார்கள், சொன்னான், வருகிறோம் என்றார்கள், மரக்காணத்திலிருந்து அந்த வரப்பு ரோட்டில் அவர்கள் வர எவ்வளவு நேரமாகும், அதற்குள் காற்று என்ன செய்யும்... கத்தினால் கேட்காது. அவன் கீழே ஓடினான், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற அறையில் சுனாமி சைரனுக்கு ஒரு கைச் சுவிட்ச், சென்னை ஆபீசிலிருந்து சிக்னல் வராமல் போனால் கையால் அடிக்க என்று வைத்தது, அவனைத் தவிர ஊரில் யாருக்கும் அது இருப்பதே தெரியாது, எல்லோரும் சென்னையிலிருந்துதான் அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழுத்தினான். என்ன நினைத்து அழுத்தினான்? தூங்குகிறவர்கள் எழுந்துகொள்ளட்டும் என்று. அவ்வளவுதான். எழுந்தபின் என்ன செய்வார்கள் என்று அவன் நினைக்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவன் அதை நினைக்காமல் இருக்க முடியுமா? எப்படி முடிந்தது?

மாடிக்குத் திரும்பி ஓடியபோதுதான் பார்த்தான். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள், ஒருவரும் கிழக்கே திரும்பவில்லை. அலை ஊரை அடித்த வருஷம், கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்த்து நின்றவர்கள்தான் போனார்கள், அதற்குப் பிறகு ஊர் கூடிப் போட்ட கட்டு அது: சைரன் கேட்டால் கடலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, மேற்கே ஓட வேண்டும். வருஷா வருஷம் ஒத்திகை நடக்கும். பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே மேற்கே ஓடப் பழகும். தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளையை இடுக்கிக்கொண்டு, ஊரே நேராகத் தோப்புக்குள் வந்தது. புகை தெரியவில்லையா என்றால் சிலருக்குத் தெரிந்துதான் இருக்கும், ஆனால் பின்னால் கடல் வருகிறது என்று நினைப்பவனுக்குப் புகை என்ன பெரிதா. அவன் மாடி ஓரத்தில் நின்று துண்டைத் தூக்கி ஆட்டினான், போ போ, திரும்பிப் போ என்று தொண்டை கிழியக் கத்தினான், அவன் அடித்த சைரனே அவன் குரலை முழுங்கியது. அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வா வா என்று கூப்பிடுகிறான் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடிவந்தார்கள்.

அதில் பெரும்பாலானவர்கள் காயமில்லாமல் வந்துவிட்டார்கள். பதினான்கு பேருக்குத் தீக்காயம். ரேணுகாவுக்கு இரண்டு கையும். அவள் புருஷன் பரத் அவளைக் கொண்டுவந்து இந்த ஹாலில், இதோ இப்போது மேடம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, அம்மா எங்கே என்று கேட்டான், திரும்பித் தோப்புக்குள் போனான். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தான். அவன் அம்மா வேலம்மாளுக்குக் காது மந்தம், சைரன் கேட்கவில்லை, ஊர் ஏன் காலியானது என்று புரியாமல் கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் போட்டின் நிழலில் ஈர மணலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு முடிகூடக் கருகவில்லை. அசோகன் பரத்தின் பாடையைத் தூக்கினான். முன்பக்கம், வலது தோள். ரேணுகா அன்றைக்குச் சென்னை ஆபீஸ்காரன்களை மண்ணை வாரித் தூற்றித் திட்டினாள், தீக்கு எவண்டா சைரன் அடிப்பான், எவண்டா அவன் என்று... அவன் தோளை மாற்றக்கூட இல்லை.

இப்போது அவள் எழுந்துவிட்டாள். அவன் எழுதிய பெயர்களை மறுபடி எண்ணத் தொடங்கினான். முழங்கை வரை இழுத்துவிட்ட ரவிக்கைக்குக் கீழே தோல் பளபளவென்று சுருங்கியிருந்தது, அவள் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. "வீடு கட்டுங்க, வேணாங்கல மேடம். ஆனா அந்த அம்புக்குறியை மாத்துங்க. சைரன் அடிச்சா நாங்க மேக்காலதான் ஓடுவோம், எங்க காலுக்கு வேற தெரியாது. அன்னிக்கு நேரா நெருப்புக்குள்ளதான் ஓடனோம். நாளைக்கு நடுவுல ஒரு செவுரும், அந்தாண்ட முன்னூறு காரும் நின்னா நாங்க எங்க போவோம்?" மேடம் எழுதிக்கொண்டார்கள். அரவிந்தன் ஃபைலைப் புரட்டினான். அசோகனுக்கு அந்த ஃபைலைக் காலையிலிருந்தே பிடிக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது, அந்த சைரன் பெட்டிக்குள் எப்போது யார் அழுத்தியது என்று ஏதாவது பதிந்திருக்குமோ, கம்ப்யூட்டர் மாதிரி, இத்தனை மாதமாக அது அங்கேயே உட்கார்ந்துகொண்டு...

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் அரவிந்தன். "அந்த சைரன் கடலுக்கு மட்டும்தான். சென்னையில இருந்து சிக்னல் வந்தாதான் அடிக்கும். அன்னிக்கு சிக்னல் எதுவும் அனுப்பலன்னு எழுத்துல வாங்கியிருக்கோம். புகையைப் பாத்துட்டு பதட்டத்துல ஓடியிருப்பீங்க. பதட்டத்துல சத்தம் கேட்ட மாதிரி இருக்கும், அது சகஜம்தான்." பின்வரிசையில் ஒரே சலசலப்பு, ஊருக்கே ஒரே நேரத்தில் காது கெட்டுப்போச்சா என்று ஒருவன் கேட்டான். பஷீர் அஹமது எழுந்து, கடைத்தெரு வரைக்கும் கேட்டது மேடம், நானே கேட்டேன் என்றார். உட்காரு பாய், வீடு வந்தா உன் சிமெண்ட்தானே விக்கும் என்று யாரோ சொல்ல, "ஏம்பா, சிமெண்ட் விக்கணும்னா காது கேக்கக் கூடாதா?" என்று அவர் திரும்பக் கேட்டார், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. கேட்டது சரி, யார் அடித்தது என்று கேட்டார்கள். சென்னை ஆபீஸ் என்று பத்துக் குரல். சென்னை அடிக்கவில்லை என்று பேப்பர் இருக்கிறதே, வேறு யாராவது அடித்ததாகச் சொன்னால் எழுதலாம், இல்லாவிட்டால் சைரன் அடித்ததற்கு ஆதாரம் இல்லை என்றுதான் எழுத முடியும், அந்த அம்மா சொல்கிற ஆட்சேபணையும் அதோடு போகும். மேடம் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்கள்.

ரேணுகா உட்காரவில்லை. திரும்பி ஊரைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக. அசோகன் நோட்டைப் பார்த்தான். போகட்டும், எழுதிக்கொள்ளட்டும், என்ன ஆகிவிடும், கம்பெனி எப்படியும் கட்டத்தான் போகிறது, ஒரு ஆட்சேபணையில் நின்றுவிடுமா... வேலை போகும். வேலை போவது இல்லை பயம். தட்சணாமூர்த்தி முகத்தில் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். ஊர் ஒதுக்கி வைத்தால் மாமியார் ஊருக்குப் போகலாம். இவள் கண் இந்த வரிசையில் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் நான்கு முகம், மூன்று, அவள் அவனைத் தாண்டிப் போய்விடுவாள், இத்தனை மாதமாகத் தாண்டித்தான் போகிறாள், தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், என்னண்ணா சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு. அதுதான் பயம். அந்தக் கேள்வியை இன்னும் எத்தனை வருஷம் வாங்குவது. அதோடு இன்றைக்கு, சத்தமே வரவில்லை என்று எழுதிவிட்டால், பரத் எதற்குத் தோப்புக்குள் வந்தான்? பைத்தியமா அவன்? ஊரே பைத்தியமா? முட்டி தானாக நிமிர்ந்தது, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான்தான் மேடம் அடிச்சேன்." குரல் யாருடையதோபோல இருந்தது. "கையால அடிக்க ஒரு சுவிட்ச் இருக்குது. படிக்கட்டுக்குக் கீழ." தட்சணாமூர்த்தி எழுந்து, "டேய் அசோகா, என்னடா உளர்றே, உக்காருடா" என்றார். தீ என்று தெரிந்தா அடித்தாய் என்று மேடம் கேட்டார்கள். தெரிந்துதான் என்றான். அரவிந்தன் ஃபைலை மூடிவிட்டு மேப்பைப் பார்த்தான், முதல் தடவை பார்ப்பவனைப்போல. பின்வரிசையில் ஒருவன் பாய்ந்து வந்தான், இரண்டு பேர் அவனைப் பிடித்தார்கள், பரத்தின் சித்தப்பா மகனாக இருக்கலாம், அசோகன் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் ரேணுகா நடந்து வந்துகொண்டிருந்தாள். அறைவாள். அறையட்டும். அந்தக் கையால் அறைந்தால் அவளுக்குத்தான் வலிக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அவள் ஒரு கை தூரத்தில் வந்து நின்றாள். கேட்டபோது குரல் தாழ்ந்திருந்தது, முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"நாளைக்கே மறுபடியும் பொகை வந்தா என்னண்ணா பண்ணுவே?"

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் செய்து வைத்திருந்தான், ஏன் செய்தேன், ஏன் சொல்லவில்லை, எத்தனை ராத்திரி தூங்கவில்லை, எல்லாம் இருந்தது, இதற்கு இல்லை. போன் போடுவேன்... தலைவர் எடுக்க மாட்டார். தீயணைப்பு வர நேரமாகும். ஓடிப்போய்ச் சொல்வேன்... தோப்பைத் தாண்டி எப்படி ஓடுவது, இனிமேல் சுவரையும் தாண்டி. கடல் பக்கம் போங்கள் என்று சொன்னால் இந்த ஊரில் எவன் போவான், அவன் போவானா, அவன் பெண்டாட்டி போவாளா? மேடம் அதற்குள் எழுந்து, இவரைத் தனியாக விசாரிக்க வேண்டும், இன்ஜினீயர் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார்கள், டிரைவர் எல்லோரையும் கையைக் காட்டி நகர்த்தினான், நாற்காலிகள் இழுபட்டன, ஒருவன் போகிற போக்கில் அசோகனுடைய பெயரைச் சொல்லித் திட்டினான். ரேணுகா பதிலுக்காக இன்னும் நின்றாள். அவன் தன் வலது கையைப் பார்த்தான், கட்டை விரல் கொஞ்சம் மடங்கியிருந்தது, அழுத்தப் போவதுபோல. அதையேதான் செய்வேன், வேறென்ன இருக்கிறது செய்ய, என்று அவனுக்குத் தெரிந்தது, விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், திரும்பிக் கடைசி ஆளாக நடந்தாள், டிரைவர் அவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து கதவை இழுத்துச் சாத்தி, உள்பக்கம் பூட்டினான்.